தோட்டாவும் லைசென்ஸும்: கேள்வி பதில்

மாவட்ட ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பராமரிப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன். தர்மபுரியில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். நாட்டுத் துப்பாக்கி செய்வது, சரிபார்ப்பது பற்றிக் கேட்க வந்தவர்கள் இப்போதே கிளம்பலாம்.

ஓசூர்: அமெரிக்காவில் 6 வருடமாக இருக்கும் மச்சான் ஊர் திரும்புகிறார். அவருடைய கிளாக் பிஸ்டலை எனக்குக் கொண்டுவரலாமா அண்ணா?

'எனக்கு' என்றதுமே கதை முடிந்தது தம்பி. தனியாருக்கான இறக்குமதி 1980களிலேயே நின்றுபோனது. திறந்திருப்பது ஒரு சின்ன வாசல்தான். வெளிநாட்டில் 2 வருடமாவது இருந்துவிட்டுக் குடிபெயர்ந்து வருபவர், அங்கே ஒரு வருடமாவது தன் பெயரில் வைத்திருந்த துப்பாக்கி ஒன்றைத் தனக்காகக் கொண்டுவரலாம். அதற்கு வரி உண்டு, இங்கே லைசென்ஸ் வேண்டும், குழல் அளவும் அனுமதிக்கப்பட்ட ரகமாக இருக்க வேண்டும். கிளாக் பெரும்பாலும் 9 எம்எம். நம் ஊரில் 9 எம்எம், .38, .45, .303 எல்லாம் தடை செய்யப்பட்ட ரகம். லைசென்ஸில் கிடைப்பது .32 ரிவால்வர், .22, .315 ரைபிள், 12 போர் ஷாட்கன், இந்த மாதிரிதான்.

பாலக்கோடு: தாத்தா இறந்துவிட்டார். அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி பரணில் கிடக்கிறது.

இன்றைக்கே இறக்குங்கள். ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு என்று கலெக்டர் அலுவலகத்தில் மனுப் போடுங்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. இறக்கும்போது குழலை மடக்கி உள்ளே பாருங்கள். தோட்டா இருக்காது என்று நம்பாதீர்கள்.

பர்கூர், முன்னாள் ராணுவ வீரர்: எஸ்எல்ஆர் ரைபிளை விட்டுவிட்டு இன்சாஸ் ரைபிள், 9 எம்எம் பிஸ்டல் என்று போலீஸ் இறங்கியது பலவீனம்தானே? எஸ்எல்ஆரின் 7.62 எம்எம் குண்டு பட்டவன் எழுந்திருக்க மாட்டான்.

ஐயா, எடையில் உங்களோடு சண்டையே இல்லை. எஸ்எல்ஆர் குண்டு 9 கிராமுக்கு மேல், இன்சாஸ் குண்டு 4 கிராம்தான். எல்லையில் எதிரே வெட்டவெளி, அங்கே 7.62 சரி. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் சுட்டால்? ஆளைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் டீ ஆற்றுகிறவர் மேல் பாயும். போலீஸ்காரன் ஒவ்வொரு தோட்டாவுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

'பட்டால் விழுவான்' என்பதும் பாதிதான் உண்மை. 1986 ஏப்ரலில் அமெரிக்காவின் மியாமியில் எஃப்பிஐ என்ற மத்தியப் புலனாய்வு ஆட்கள் சுட்ட ஒரு 9 எம்எம் குண்டு குற்றவாளியின் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போய், இதயத்தைத் தொடாமல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். 2 அதிகாரிகள் செத்தார்கள். பழியைத் தோட்டா மேல் போட்டு 10 எம்எம், .40 என்று பெரிதாகப் போனார்கள். சுடும்போது துப்பாக்கியின் உதை பலமாக இருந்ததால் பலருக்குக் குறி தவறியது. கடைசியில் நல்ல 9 எம்எம் தோட்டாவுக்கே திரும்பினார்கள். எங்கே படுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது, இந்த இரண்டும்தான் கணக்கு.

அதே பர்கூர்: இது புத்தகக் கணக்கு. களத்துக்கு வந்து பாருங்கள்.

களம் பார்த்தவர்கள் தினமும் சாயந்திரம் என் மேஜைக்குத்தான் ஐயா ஆயுதத்தைக் கொண்டுவருவார்கள். ஒருவர், "மேகசினைக் கழற்றிட்டேன் சார், காலி" என்று, தோட்டா அடுக்கும் அந்தப் பெட்டி இல்லாத பிஸ்டலை நீட்டினார். மேல் பகுதியான ஸ்லைடை இழுத்தேன். குழலின் அடியில் தோட்டா உட்காரும் சேம்பரிலிருந்து ஒரு தோட்டா துள்ளி, மேஜையில் உருண்டு, பேரேட்டின் மேல் போய் நின்றது. அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முதலில் மேகசின், அப்புறம் சேம்பர். 7.62ஓ .22ஓ, இதில் பேதமில்லை.

காரிமங்கலம்: நானும் பர்கூர் ஐயா பக்கம். எஸ்எல்ஆர்தான் கெத்து.

கெத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை.

அஞ்செட்டி: கேழ்வரகுக் கொல்லையைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகிறது. 12 போருக்கு எந்தத் தோட்டா நல்லது?

பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் கேட்கலாம். ஆனால் லைசென்ஸ் என்பது பன்றியைச் சுட அனுமதி இல்லை. தமிழ்நாட்டில் அந்த வேலை வனத்துறையுடையது, அதுவும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளித்தான். ரேஞ்சரிடம் எழுதிக் கொடுங்கள். சின்னச் சின்ன பால்ரஸ் குண்டு பட்ட பன்றி சட்டென்று சாகாது. காயத்தோடு கொல்லைக்குள் படுத்திருந்து, காலையில் களை எடுக்க வருபவர்களைக் கிழிக்கும். கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காய் பக்கமே போகாதீர்கள். மாடும் கடிக்கும், குழந்தையும் எடுக்கும்.

அரூர்: சிங்கப்பூரிலிருந்து பிஸ்டல் கொண்டுவர...

முதல் பதில்.

பென்னாகரம்: ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

குழல் .177 அளவு, குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்குள் என்றால் வேண்டாம். கொக்கு, மடையானைச் சுட்டால் வன உயிரினச் சட்டம் வரும். ஏர்கன்னிலும் குண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூலையில் சாத்த வேண்டும்.

காவேரிப்பட்டினம்: மாமா துபாயில் இருக்கிறார். அவர் மூலமாக...

மச்சானுக்குச் சொன்னதுதான் மாமாவுக்கும். நாளைக்குச் சித்தப்பாவைக் கூட்டிவராதீர்கள்.