படத்தில் இருப்பது கடத்தல் கட்டரா, சுங்கக் கட்டரா?

கேள்வி: இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் வசிக்கிறோம். பழம்பொருள் வியாபாரி ஒருவர், "கடத்தல்காரர்களின் கட்டர் (வேகமான சிறு பாய்மரக் கப்பல்), 1790" என்று சொல்லி ஓர் எண்ணெய் வண்ண ஓவியத்தைக் காட்டினார். ஒற்றைப் பாய்மரம், மிக நீண்ட முன்கம்பம், உச்சியில் நீளக் கொடி. அதே கப்பலின் பலகை என்று ஒரு மரத்துண்டும் வைத்திருக்கிறார். லண்டன் சுங்கத் தலைமையகப் பதிவேட்டில் சரிபார்த்ததாக ஒரு சான்றிதழும் உண்டு. சான்றிதழில் கப்பலின் பெயர் இல்லை. மூன்றையும் சேர்த்தே விற்பாராம். வாங்கலாமா?

பதில்: ஓவியம் மனதுக்குப் பிடித்திருந்தால் அதற்கு மட்டும் விலை பேசுங்கள். மரத்துண்டுக்கும் சான்றிதழுக்கும் ஒரு பவுண்டுகூடத் தராதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், அது கடத்தல்காரர்களைத் துரத்திய கப்பலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முன்கம்பத்தை முதலில் பாருங்கள். கட்டரின் வேகம் அதில்தான் இருந்தது. மூக்கிலிருந்து நீளும் அந்தக் கம்பம் எவ்வளவு நீளமோ, அவ்வளவு பெரிய முன்பாய் கட்டலாம். பலகை மேல் பலகை விளிம்பு ஏறும்படி அடித்த லேசான உடல், அதற்கு மேல் அளவுக்கு மீறிய பாய்கள் என்று கடத்தல்காரர்கள் ஓட, அதே கரையின் தச்சர்கள் கட்டிய அதே மாதிரிக் கப்பலில் அரசும் துரத்தியது. துரத்தித் தோற்ற அரசு கடைசியில் சட்டம் போட்டது. 1784-ம் ஆண்டுச் சட்டம் இந்த வகை உடல் கட்டுக்கும் பாய் அமைப்புக்கும் கடும் கட்டுப்பாடு போட்டது. முன்கம்பம் கப்பல் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் சிக்கல்தான். உள்ளே ஒரு பொட்டலம் தேயிலை இல்லாவிட்டாலும் கப்பலைப் பறிமுதல் செய்ய அது வழிவிட்டது. சுங்கத் துறையின் கட்டர்களுக்கும் கடற்படைக் கட்டர்களுக்கும் இந்தத் தடை கிடையாது. அதனால் 1790-ல் நீண்ட கம்பத்தோடு பகிரங்கமாக ஓடிய கட்டர் என்றால் அரசுக் கப்பல் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

கொடியும் அதையே சொல்கிறது. அந்தக் காலத்தில் சுங்கக் கட்டர் சுடுவதற்கு முன் தனக்குரிய கொடிகளை ஏற்றியாக வேண்டும். அந்தக் கொடியை மற்றவர்கள் ஏற்றினால் தண்டனை. இன்னொன்றையும் யோசியுங்கள். தன் கப்பலை அடையாளம் தெரியும்படி ஓவியரிடம் கூலி கொடுத்து வரையச் சொல்ல ஒரு கடத்தல்காரருக்கு என்ன அவசியம்? கப்பல் படங்களைச் செய்யச் சொன்னவர்கள் பெரும்பாலும் தளபதிகளும் முறையான உரிமையாளர்களும்தான். கடத்தல் காட்சிகள் வீட்டுச் சுவருக்குப் பெருவாரியாக வந்தது, கடத்தல் ஓய்ந்துபோன பிறகு, 19-ம் நூற்றாண்டில். ஓவியம் வரைந்த துணியின் பின்புறத்தில் அதை விற்ற கடையின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஓவியத்தின் வயதைச் சொல்ல வியாபாரியின் வாயைவிட அது மேல்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும், வியாபாரி அதைத்தான் பிடித்துக்கொள்வார். பிடிபட்ட கடத்தல் கட்டர் நல்ல நிலையில் இருந்தால் அரசே தன் பணிக்கு எடுத்துக்கொள்ளும். நேற்று பிராந்தி ஏற்றி வந்த கப்பல், இன்று அதே பாய்களோடு பிராந்தியைத் தேடிப் போகும். எனவே "இது கடத்தல்காரர் கப்பல்தான்" என்பது உடலைப் பொறுத்தவரை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல கப்பலின் பெயர் வேண்டும், பிடித்த அதிகாரி யார், எந்தத் துறைமுகம், எந்த ஆண்டு என்ற விவரம் வேண்டும். 1747-ல் சுங்க அதிகாரம் பெற்றிருந்த ஸ்விஃப்ட் என்ற கப்பல், குவெர்ன்சி தீவிலிருந்து இரண்டு டன் அளவு தேயிலையோடு வந்த த்ரீ பிரதர்ஸ் என்ற கடத்தல் கப்பலைப் பிடித்து பூல் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது. சில நாளில் ஹாக்ஹர்ஸ்ட் என்ற கடத்தல் கும்பல் சுங்கச் சாவடியை உடைத்துத் தேயிலையை மீட்டுப் போனது. இரண்டு கப்பல்களின் பெயரும், சரக்கும், துறைமுகமும் தெரிகின்றன அல்லவா? பெயரே இல்லாத கப்பலுக்குச் சான்றிதழ் எழுத ஒருவராலும் முடியாது.

மரத்துண்டு விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. பணிக்கு எடுக்காத கடத்தல் கப்பல்களைக் குறுக்கே மூன்றாக அறுத்து உடைத்துவிடுவார்கள், திரும்பக் கடலுக்குப் போகக் கூடாது என்பதற்காக. அந்தப் பலகைகளுக்குப் பெயர் எழுதி வைக்க யாரும் இல்லை. பழைய ஓக் மரம் கிடைக்கும் இடமெல்லாம் இப்போது இந்தக் கதை ஒட்டிக்கொள்கிறது.

"லண்டன் தலைமையகப் பதிவேடு" என்பது அடுத்த வலை. லண்டன் சுங்க மாளிகை 1814 பிப்ரவரியில் தீயில் எரிந்தது. ஏராளமான பழைய ஆவணங்கள் அதோடு போயின. துறைமுகங்களில் இருந்த கடிதப் பிரதிகள்தான் பெரிய துணை. அவை லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வாசகர் அட்டை இலவசம். ஆனால் அவற்றில் பெரும்பகுதியை இன்னும் நேரில் போய்த்தான் புரட்ட வேண்டும். மக்களின் ஆவணத்தை மக்கள் வீட்டிலிருந்து படிக்க முடியாதபடி வைத்திருப்பதால்தான், "நான் தேடித் தருகிறேன்" என்று காசு பிடுங்கும் தரகர்கள் பெருகுகிறார்கள். முன்பணம் கேட்கும் தரகரிடம் ஆவணத்தின் வரிசை எண்ணை முதலில் கேளுங்கள்; எண் தராதவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

வியாபாரியிடம் போகும்போது முன்கம்பத்தையும் கப்பலின் நீளத்தையும் படத்திலேயே அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். கொடியையும் துணியின் பின்புறத்தையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுங்கள். ஓவியம் இதற்கு முன் யாரிடம் இருந்தது என்பதை எழுத்தில் வாங்குங்கள். மூன்றையும் சேர்த்துத்தான் தருவேன் என்று அவர் அடம்பிடித்தால், வாங்காமல் வந்துவிடுங்கள்.