பேனரில் இருப்பது நான் இல்லை

வணக்கம் சார்,

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரன். ஹைதராபாத் பக்கம் துண்டிகல் விமானப்படை அகாடமியில் பைலட் பயிற்சியில் இருக்கிறேன். இப்போது முதல் கட்டம். பிலாட்டஸ் பிசி-7 விமானம். ஒரே புரொப்பெல்லர், முன் சீட்டில் நான், பின் சீட்டில் ஆசிரியர். போன மாதம்தான் ஆசிரியர் இல்லாமல் தனியாக ஒரு சுற்று பறந்து இறங்கினேன்.

விடிவதற்கு முன்பே எங்கள் நாள் தொடங்கிவிடும். வானிலை, அன்றைய பாடம், அப்புறம் கேள்விகள். ஆசிரியர் திடீரென்று கையைக் காட்டி, "மேலே ஏறும்போது எஞ்சின் நின்றுவிட்டது, என்ன செய்வாய்?" என்பார். எழுந்து நின்று வரிசை பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். தடுமாறினால் அன்றைக்குப் பறக்க விடமாட்டார்கள். ஒரு தடவை பறந்து இறங்குவதை சார்ட்டி என்போம். முதல் நான்கு சார்ட்டியிலும் வாந்தி எடுத்தேன். இறங்கியதும் டிபிரீஃபிங்: என்னென்ன தப்பு செய்தேன் என்று முதலில் நானே சொல்ல வேண்டும், பிறகுதான் அவர் சொல்வார். ராத்திரி அறையில் நாற்காலி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கையையும் காலையும் அசைத்து மறுநாள் சார்ட்டி முழுவதையும் ஓட்டிப் பார்ப்போம். விமானத்தில் ஏறும் முன், அதன் பராமரிப்பைப் பதிவு செய்யும் ஃபார்ம் 700-ல் கையெழுத்துப் போடும்போது, எனக்கு மேலே கையெழுத்துப் போட்டிருக்கும், விமானத்தைச் சரிபார்த்த ஏர்மேன்களின் பெயர்களை ஒரு முறை படித்துக்கொள்வேன். அவர்கள் சரி என்று எழுதியதை நம்பித்தான் ஏறுகிறேன்.

லீவில் ஊருக்கு வந்தேன். பஸ் ஸ்டாப்பில் பன்னிரண்டு அடிக்கு ஃபிளெக்ஸ். என் முகத்தை வெட்டி ரஃபேல் போர் விமானத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். மேலே "வானை ஆளும் சிங்கமே", கீழே எங்கள் சாதிச் சங்கத்தின் பெயர். வைத்தது சித்தப்பா. ரஃபேலை நான் தரையில் நின்றுகூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை. என்னோடு சேர்ந்த ஒருவனைச் சமீபத்தில்தான் பறக்கும் பயிற்சியிலிருந்து நிறுத்தினார்கள். நாளைக்கு எனக்கும் அது நடக்கலாம். கழற்றச் சொன்னேன். "ஊரே பெருமைப்படுது, உனக்கு என்னடா வந்துச்சு?" என்றார் சித்தப்பா. டீக்கடையில், "எப்ப சண்டை வரும்? எத்தன பேரைப் போடுவ?" என்று கேட்டார்கள். பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். தலைக்கனம் என்று பேச்சு. சித்தப்பா வீட்டு விருந்துக்குப் போகாமல், இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டேன். நான் செய்தது தப்பா சார்?

(பெயர் வேண்டாம்)

---

அன்புள்ள தம்பி,

உங்கள் ஊர், வகுப்பு, சேர்ந்த வருடம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கடிதத்தையும் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

பேனரைக் கழற்றச் சொன்னது சரி. டீக்கடையில் எழுந்து வந்ததும் சரி. சித்தப்பா வீட்டில் சாப்பிடாமல் போனது தப்பு.

என் அப்பா லாரி ஓட்டினார். பெங்களூர் பக்கமிருந்து சேலத்துக்கு லோடு வரும். தர்மபுரியைத் தாண்டி, தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டுவார். ஜாக்கி லிவரை எடுத்துக்கொண்டு பத்து டயரையும் ஒவ்வொன்றாகத் தட்டுவார். காற்று சரியாக இருக்கிற டயர் 'டங்' என்று லிவரைத் திருப்பி அடிக்கும். இறங்கின டயர் 'பொத்' என்று வாங்கிக்கொள்ளும். பின்னால் ஜோடி டயரில் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும் என்பார். அப்புறம் கிளீனரைப் பார்த்து "எந்த கியர்?" என்று கேட்பார். "ஏறுற கியர்தான் இறங்குற கியர்" என்று அவன் சொல்ல வேண்டும். நூறு தடவை வந்த பாதை. நூறு தடவையும் கேட்பார், அவனும் நூறு தடவையும் சொல்வான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்கி, பிரேக் பிடிக்காமல் இரட்டைப் பாலத்தில் போய் மோதிய வண்டிகள் அங்கே எத்தனையோ.

எழுந்து நின்று ஒப்பிக்கிறோம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தக் கிளீனரின் குரல்தான் கேட்டது. ஐந்து வருடம் அவன் கிளீனர். ஊரில் யாரும் அவனை டிரைவர் என்று கூப்பிடவில்லை, அதை ஒரு குறையாகவும் யாரும் நினைக்கவில்லை. கிளீனர் என்பதற்கு ஒரு இடம் இருந்தது, ஒரு மரியாதை இருந்தது. தொழில் பழகுகிறான் என்று அர்த்தம். காலி வண்டியை நேர்ச்சாலையில் முதல் தடவை அவன் கையில் கொடுத்த அன்று ராத்திரி, அப்பா அம்மாவிடம் மட்டும் சொன்னார்: "இன்னைக்குப் பையன் ஓட்டினான்." அவ்வளவுதான் பேச்சு.

இன்றைக்கு நம் ஊரில் அந்தப் படி காணாமல் போய்விட்டது. ஜெயித்தவன் இருக்கிறான், தோற்றவன் இருக்கிறான். பழகிக்கொண்டிருக்கிறவனுக்கு ஃபிளெக்ஸில் இடம் இல்லை. உங்கள் முகத்தை ரஃபேல் பக்கத்தில் ஒட்டியது அதனால்தான். பிசி-7-ஐ ஒட்டியிருந்தால் ஊருக்கு அது என்ன என்று தெரியாது.

இதில் எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் தெருப் பையன் ஒருவன் ராணுவப் பயிற்சிக்குத் தேர்வானான். மேளம் வைத்து வழியனுப்பினோம். சின்ன மேடை போட்டுப் பேசினார்கள். பேசியவர்களில் நானும் ஒருவன். நாடு, வீரம், மண் என்று என்னென்னவோ பேசினேன். எட்டு மாதத்தில் முழங்கால் அடிபட்டு அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் ஊருக்கு வரவில்லை. ஓசூரில் இறங்கி, ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அறை எடுத்துத் தங்கிக்கொண்டான். பயிற்சி நீள்கிறது, லீவு இல்லை என்று அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒன்றரை வருடம். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கையில் டிபன் கேரியரோடு அவனைப் பார்த்தார். அவனும் இவரைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டானாம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர். அந்த ஐம்பது கிலோமீட்டரை அவனால் தாண்ட முடியாமல் செய்ததில் என் பேச்சுக்கும் பங்கு உண்டு. அதற்குப் பிறகு எந்த வழியனுப்பு விழாவிலும் நான் பேசுவதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கழற்றச் சொன்னது சரி. உங்களோடு சேர்ந்து, இப்போது நிறுத்தப்பட்ட அந்தப் பையனை நினைத்துப் பாருங்கள். அவன் ஊரிலும் ஒரு பேனர் நின்றிருக்கலாம்.

அடியில் இருந்த சங்கப் பெயரைப் பற்றி நீங்கள் ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம். ஃபார்ம் 700-ல் உங்களுக்கு முன்னால் கையெழுத்துப் போட்ட ஏர்மேன் என்ன ஆள் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? பாராசூட்டை மடித்து வைத்தவரை? பின் சீட்டில் உட்கார்ந்து உங்கள் கைத்தவறுக்குத் தன் உயிரைப் பணயம் வைக்கிறாரே அந்த ஆசிரியரை? கேட்டிருக்கமாட்டீர்கள். கேட்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு இடத்துக்கு நம் பகுதியிலிருந்து ஒரு பையன் போய்ச் சேர்ந்திருக்கிறான். அவனை இழுத்துக்கொண்டு வந்து மறுபடியும் அதே வேலிக்குள் நிறுத்தினால் நான் எப்படிச் சும்மா இருக்க முடியும்? தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சாதியால் பட்டதெல்லாம் போதும். இந்த ஒரு விஷயத்தில் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

டீக்கடைக் கேள்விக்கு வருகிறேன். சண்டை எப்போது வரும் என்று கேட்கிறவர்கள், ஆபத்து சண்டையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி துண்டிகல்லிலிருந்து கிளம்பிய பிசி-7 ஒன்று மேதக் மாவட்டத்தில் விழுந்தது. ஆசிரியரும் மாணவரும் இறந்துபோனார்கள். சண்டை ஏதும் இல்லை, ஒரு சாதாரணப் பயிற்சி நாள். இது உங்களுக்குத் தெரியும். உங்கள் அம்மாவுக்குத் தெரியுமா என்று நான் கேட்கமாட்டேன். டீக்கடைக்குத் தெரியாது. இரட்டைப் பாலத்தில் பார்த்ததைப் பற்றி அப்பா வீட்டில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அங்கே நடந்த விபத்துகளைப் பற்றி விலாவாரியாகப் பேசியவர்கள் ஸ்டியரிங்கைத் தொடாதவர்கள். டிவி முன்னால் உட்கார்ந்து போருக்கு நாள் குறிக்கிறவர்களிடம் போருக்குப் போக வேண்டியவன் பேசாமல் எழுந்து வருவதைத் தலைக்கனம் என்று சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. ரஃபேல் படத்தைப் போட்டதில் வேறொரு தவறும் இருக்கிறது. முதல் கட்டம் முடிந்தபின் உங்களைப் பிரிப்பார்கள்: சிலர் போர் விமானத்துக்கு, சிலர் சரக்கு விமானத்துக்கு, சிலர் ஹெலிகாப்டருக்கு. போர் விமானம் கிடைத்தவர்கள் பீதரில் ஹாக் என்ற ஜெட் பயிற்சி விமானத்தை ஓட்டிப் பழக வேண்டும், ஹெலிகாப்டர்காரர்கள் ஹக்கிம்பேட்டைக்குப் போக வேண்டும். ஹெலிகாப்டர் கிடைத்தால் ஊர் உங்களை ஒரு படி இறக்கிப் பார்க்கும் என்ற பயம் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்டு, சுற்றிலும் வெள்ளத்தில் நின்றவர்களுக்கு மேலே இருந்து சாப்பாடு போட்டது ஹெலிகாப்டர்கள்தான். மறு வருடம் நம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, வேனும் காரும் தண்ணீரில் மிதந்து போனதைப் பார்த்த ஜனங்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்ப நேரம் ஆகாது. சொல்லத்தான் ஆள் வேண்டும்.

அந்த ஆளாக நீங்கள் இருக்க வேண்டும். அகாடமி அனுமதித்தால், அடுத்த லீவில் நீங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் போய் வாருங்கள். சீருடை வேண்டாம், மாலை வேண்டாம். பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் படித்தவர்கள் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான என்.டி.ஏ. தேர்வு எழுதலாம், டிகிரிக்குப் பிறகு விமானப்படைக்கான ஆஃப்கேட் தேர்வு எழுதலாம் என்று சொல்லுங்கள். பைலட் ஆகத் தகுதி உண்டா என்று பார்க்கும் கம்ப்யூட்டர் சோதனை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் என்பதையும், உயரம் 162.5 சென்டிமீட்டர் வேண்டும், கால் நீளம்கூட அளப்பார்கள் என்பதையும் சொல்லுங்கள். அளவில் தட்டிப்போனால் அது அவர்கள் தப்பில்லை என்று பிள்ளைகளுக்கு முன்பே தெரிய வேண்டும். கடைசி வருடப் பயிற்சியில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். மாங்காய் லோடு ஏற்றிப் பிழைக்கிற குடும்பத்தில் முதல் கேள்வி அதுதான். பெண் பிள்ளைகளைப் பார்த்துத் தனியாகச் சொல்லுங்கள்: 2016-லேயே மூன்று பெண்கள் போர் விமானப் பிரிவுக்கு வந்துவிட்டார்கள், 2025-ல் 17 பெண்கள் என்.டி.ஏ. முடித்து வெளியே வந்தார்கள். அப்புறம் அந்த நாலு வாந்தியைச் சொல்லுங்கள். நிறுத்தப்பட்ட நண்பனைப் பற்றியும் சொல்லுங்கள், பெயர் சொல்லாமல். அங்கே உட்கார்ந்திருக்கும் எந்தப் பிள்ளையும் நாளைக்கு ஓசூர் பஸ்ஸுக்குப் பின்னால் போய் ஒளியக் கூடாது.

இனி சித்தப்பா. அந்த ஃபிளெக்ஸுக்கு அவர் பல ஆயிரம் ரூபாய் கொடுத்திருப்பார். என்ன எழுதுவது என்று அவர் யோசித்திருக்கமாட்டார். கடைக்காரன் கம்ப்யூட்டரில் ரெடியாக இருந்த வாசகம் அது. சங்கப் பெயர்கூடப் பழக்கத்தில் போட்டதாக இருக்கலாம். போட்டது தப்புதான், ஆனால் அதை அவரிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். தன் தப்பை முதலில் தானே சொல்வது என்று தினமும் பழகுகிற நீங்கள், அவர் வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் உட்காரவில்லை. அவர் என்ன கேட்டார்? உனக்கு என்னடா வந்துச்சு என்று கேட்டார். அது கோபமாகத் தெரிந்திருக்கும். எனக்கு அது உண்மையிலேயே பதில் வேண்டிக் கேட்ட கேள்வியாகத்தான் படுகிறது. அந்த வீட்டில் உங்களுக்காகக் கறி எடுத்துச் சமைத்துவிட்டு, இலை போட்டுக் காத்திருந்திருப்பார்கள்.

அடுத்த முறை அந்த வீட்டுக்கு முதலில் போங்கள். சாப்பிட்டு முடித்ததும் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ராத்திரி அறையில் செய்கிறீர்களே, அதை அவர் முன்னால் செய்து காட்டுங்கள். இடது கை எங்கே, வலது கை எங்கே, இறங்கும் முன் சக்கரம் இறங்கிவிட்டது என்று மூன்று பச்சை விளக்கைப் பார்த்துச் சொல்வது எப்போது, எல்லாம். அவர் கேள்வி கேட்பார். கேட்கட்டும், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை போன் கையில் கிடைத்ததும் முதல் அழைப்பு அவருக்கு. சாப்பிடாமல் வந்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். பேனரைப் பற்றி அதற்கு அப்புறம் பேசுங்கள்.