கேமரா கேள்வி–பதில்: வெளிச்சம் அளக்கும் மீட்டர் செத்தால் என்ன, கை இருக்கிறதே!

பழைய ஃபிலிம் கேமரா பற்றிப் போன இதழில் ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் கடலூர், புதுச்சேரி பக்கம் நிறையப் பேர் பரண்மேல் ஏறி இறங்கியிருக்கிறார்கள். மஞ்சக்குப்பத்தில் ஸ்டுடியோ நடத்தியவன் என்பதால் எனக்குத் தெரிந்த வகையில் பதில் சொல்கிறேன்.

புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள் (இரட்டையாகத் தெரியும் பிம்பத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்பவை) கண்ணில் படுகின்றன. ‘நல்லா ஓடும் தம்பி’ என்கிறார்கள். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
— கல்லூரி மாணவர், நெல்லிக்குப்பம்

விற்பவர் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே கேமராவைக் கையில் வாங்குங்கள். முதலில் பின்மூடியைத் திறந்து பாருங்கள். மூடி வந்து உட்காரும் பள்ளத்தில் கறுப்பு ஸ்பாஞ்சுப் பட்டை இருக்கும். அநேகமாக உருகிப் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். அதற்காகப் பயப்பட வேண்டாம். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டுக் கறுப்பு உல்லன் நூலைப் பதித்தால் வெளிச்சம் கசியாது. பேரத்துக்கு மட்டும் அதைக் காட்டுங்கள்.

அடுத்தது ஷட்டர், அதாவது ஒரு கணம் திறந்து ஃபிலிமில் வெளிச்சம் விழவிடும் கதவு. மூடி திறந்தபடியே இருக்கட்டும். அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரத்தை, முழுதாகத் திறந்து, லென்ஸை வானத்தைப் பார்க்கப் பிடித்து, ஒவ்வொரு வேகமாக வைத்துத் தட்டுங்கள். ஒரு வினாடியில் வைத்தால் உள்ளே பல்சக்கரம் கிர்ரென்று ஓடி முடிந்த பிறகு மூட வேண்டும். பாதியில் திணறினால் பழைய எண்ணெய் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் ஒரு வினாடியை நாம் எத்தனை தடவை பயன்படுத்தப்போகிறோம்? 60, 125, 250 (வினாடியில் 60-ல் ஒரு பங்கு, 125-ல் ஒரு பங்கு என்று படியுங்கள்) மூன்றும் காதுக்கு வேறு வேறாகக் கேட்டால் எனக்குப் போதும்.

ஸோர்க்கி, ஃபெட் போன்ற சோவியத் கேமராவாக இருந்தால் ஷட்டர் துணியால் ஆனது. லென்ஸைக் கழற்றி, செல்போன் டார்ச்சைத் துணிக்கு முன்னால் பிடித்து, பின்பக்கமாகப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் ஓட்டைதான். எஸ்.எல்.ஆரில் (லென்ஸ் வழியாகவே கண்ணாடியில் பார்த்து எடுக்கும் கேமரா) இருப்பதுபோல் இதில் லென்ஸுக்கும் ஷட்டருக்கும் நடுவே கண்ணாடி கிடையாது. மூடி போடாமல் வெயிலைப் பார்க்க வைத்தால் லென்ஸ் சூரியனைத் துணிமேல் குவித்துப் பொசுக்கிவிடும். அப்புறம், இந்த வகையில் ஃபிலிம் நகர்த்தும் குமிழைத் திருப்பி ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் திருப்பினால் உள்ளே சேதமாகலாம். விற்பவரே ஏற்றாமல் கரகரவென்று திருப்பிக் காட்டினால், நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் நடுவில் ஒரு சின்னக் கட்டம் தெரியும். அதில் எல்லாம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பினால் இரண்டும் நகர்ந்து ஒன்றாகும் இடத்தில் ஃபோகஸ். லென்ஸை அதன் கடைசித் தூரத்தில், படுத்த எட்டுக் குறியில் வைத்துவிட்டு, நெரிசலை விட்டு வெளியே வந்து தொலைவில் தெரியும் ஒரு செல்போன் டவரைப் பாருங்கள். டவர் ஒன்றாகத் தெரிய வேண்டும். பிறகு ஒரு மீட்டர் தள்ளி நின்று விற்பவரின் சட்டைப் பொத்தானைப் பாருங்கள். பொத்தான் ஒன்றாகும்போது லென்ஸ்மேல் உள்ள எண்ணும் ஒரு மீட்டர் காட்டுகிறதா? பக்கவாட்டில் கொஞ்சம் விலகியிருந்தால் ஒரு திருகாணியில் சரியாகிவிடும். கட்டமே மங்கிப்போய், கண்ணைச் சுருக்கித் தேட வேண்டியிருந்தால் வேண்டாம். உள்ளே இருக்கும் கண்ணாடியின் பூச்சு போய்விட்டது. அதைச் சரிசெய்ய நம் பக்கத்தில் ஆள் தேடி அலைய முடியாது.

மீட்டர் முள் ஆடுகிறதா என்பதைக் கடைசியில் பாருங்கள். ஆடாவிட்டால் விலை குறையும், நமக்கு லாபம்.

தங்க நிறத்தில், கழுகுச் சின்னம் பொறித்த ‘லைக்கா’ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஜெர்மன் ராணுவத்தினுடையதாம். நம்பலாமா?
— வாசகர், முத்தியால்பேட்டை

நம்ப வேண்டாம். சோவியத் நாட்டில் கார்கிவ் நகரில் 1934 முதல் ஃபெட் என்ற பெயரில் ஜெர்மனியின் லைக்கா கேமராவில் இரண்டாம் மாடலின் நகலைச் செய்தார்கள். போருக்குப் பிறகு 1948-ல் ஸோர்க்கி வந்தது. அவற்றின் பெயரைச் சுரண்டிவிட்டு லைக்கா என்று பொறித்து, பளபளப்பாக்கி விற்பது உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம். லென்ஸைக் கழற்றி மேல்பக்கம் உள்ளே பாருங்கள். லென்ஸின் பின்பக்கத்தைத் தொட்டு நகரும் ஒரு சின்னக் கை இருக்கும். அதன் முனையில் உருண்டைச் சக்கரம் இருந்தால் லைக்காவாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆப்பு வடிவத்தில் இருந்தால் ஃபெட் அல்லது ஸோர்க்கி. ஸோர்க்கி விலைக்குக் கொடுத்தால் வாங்குங்கள், அதுவும் படம் எடுக்கும். கழுகுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சித்தப்பா கொடுத்த கேனனெட் க்யூ.எல்.17-ல் மீட்டர் வேலை செய்யவில்லை. பழைய பேட்டரி எங்கும் கிடைப்பதில்லை. நண்பனின் யாஷிகா எலக்ட்ரோ 35-க்கும் இதே கதை. தூக்கிப் போட வேண்டியதுதானா?
— வாசகர், பண்ருட்டி

தூக்கிப் போடுவதாக இருந்தால் என் வீட்டுப் பக்கம் போடுங்கள்.

அந்தக் காலத்துப் பேட்டரி பாதரசம் சேர்த்தது. 1.35 வோல்ட், சாகும்வரை இறங்காமல் கொடுக்கும். பாதரசத்தைத் தடை செய்த பிறகு அது வருவதில்லை. காது கேட்கும் கருவி விற்கும் கடையில் 675 என்ற எண்ணில் ஒரு பேட்டரி கேளுங்கள். 1.4 வோல்ட், கிட்டத்தட்ட அதே அளவு. அகலம் கொஞ்சம் குறைவு என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். காற்றை உறிஞ்சி வேலை செய்யும் பேட்டரி அது. ஸ்டிக்கரை உரித்த நாளிலிருந்து தேயத் தொடங்கிவிடும். சாதா 1.5 வோல்ட் போட்டாலும் முள் ஆடும், ஆனால் அளவு தப்பாகச் சொல்லும்.

உங்கள் கேனனெட்டுக்கு அதுவும் அவசியமில்லை. பேட்டரியே போடாமல் எல்லா வேகத்திலும் ஷட்டர் ஓடும், அபெர்ச்சரையும் கையால் வைத்துக்கொள்ளலாம். நண்பருடையது வேறு ஜாதி. யாஷிகா எலக்ட்ரோவில் வேகத்தைக் கேமராவே முடிவு செய்கிறது. பேட்டரி இல்லாவிட்டால் 500 என்ற ஒரே வேகத்தில்தான் அடிக்கும். அதற்கு 6 வோல்ட் பேட்டரியை ஒரு அடாப்டரில் வைத்துப் போட வேண்டும். பட்டனை லேசாக அழுத்தும்போது தேவைக்கேற்ப மஞ்சள், சிவப்பு விளக்கு எரிந்தால் பிழைத்துக்கொள்ளும். இரண்டில் ஒன்று வாங்குவதாக இருந்தால் நான் கேனனெட்டைத்தான் எடுப்பேன்.

எஸ்.எல்.ஆர். மலிவாகக் கிடைக்கும்போது, மீட்டர்கூட இல்லாத இந்தப் பெட்டிகளுக்கு ஏன் இவ்வளவு மவுசு?
— வாசகர், உப்பளம்

சத்தம் குறைவு, சின்னது, எதிரே இருப்பவர் மிரளுவதில்லை. 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் உங்கள் ஊருக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். அவர் கையில் வைத்திருந்தது லைக்கா. இன்று எல்லோரும் கனவு காணும் லைக்கா எம்3 அப்போது பிறக்கவே இல்லை. அது வந்தது 1954-ல். எம் வரிசையில் கேமராவுக்குள்ளேயே மீட்டர் வைத்தது 1971-ல், எம்5 மாடலில். அதுவரை இதை வைத்திருந்த பெரிய பெரிய ஆட்கள் கண்ணாலோ தனி மீட்டராலோ அளந்துதான் எடுத்தார்கள். எஸ்.எல்.ஆர். பிடித்திருந்தால் அதையே வாங்குங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

டூமாஸ் வீதியில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் என் பாட்டியை நிற்க வைத்து எடுத்தேன். கைமீட்டர் சொன்னபடிதான் வைத்தேன். சுவர் சாம்பலாக, பாட்டி முகம் கறுப்பாக வந்திருக்கிறது. எங்கே தப்பு?
— வாசகி, குருசுக்குப்பம்

அம்மா, தப்பு மீட்டருடையது அல்ல, அதற்கு இருக்கும் புத்தி அவ்வளவுதான். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு அளவு சொல்லும். வெள்ளைச் சுவரைக் காட்டினீர்கள். ‘அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்’ என்று அபெர்ச்சரை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் மூடினால் வெளிச்சம் பாதியாகும்) மூடச் சொல்லியிருக்கும். சுவர் சாம்பலானது, நம் ஊர் நிறத்தில் இருக்கும் பாட்டி முகம் இருட்டில் போய்விட்டது.

இதற்குத்தான் கை. உள்ளங்கையை மீட்டருக்குக் காட்டி அளவெடுங்கள், பிறகு ஒரு ஸ்டாப் திறந்துவிடுங்கள். உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளுப்பு. முகம் எந்த நிறமாக இருந்தாலும் உள்ளங்கை பெரிதாக மாறுவதில்லை என்பதுதான் இதில் உள்ள சௌகரியம். புறங்கையைக் காட்டாதீர்கள், அது ஆளுக்கு ஆள் மாறும். சந்தேகமாக இருந்தால் ஒரு சாம்பல் அட்டை வாங்கி, அதையும் உங்கள் கையையும் ஒரே வெயிலில் அளந்து வித்தியாசத்தைக் குறித்துவையுங்கள். அது உங்கள் கையின் கணக்கு, ஆயுசுக்கும் உதவும்.

எப்படிப் பிடிப்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். பாட்டி முகம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, உங்கள் உள்ளங்கையும் அதே திசையைப் பார்க்க வேண்டும். அவர் நிழலில் நின்றால் கையும் நிழலில். மீட்டரின் நிழல் கையில் விழக் கூடாது. வேர்வையைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஈரக்கை மினுங்கும், மினுங்கினால் மீட்டர் ஏமாறும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் இது சின்ன விஷயமில்லை.

மீட்டரே இல்லாவிட்டால்? அதற்கும் கைதான். முஷ்டியை மடக்கி வெயிலில் நீட்டி, தரையில் விழும் நிழலைப் பாருங்கள். 100 ஏ.எஸ்.ஏ. (ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்ற எண்) ஃபிலிம், ஷட்டர் 125 என்று வைத்துக்கொள்வோம். நிழலின் ஓரம் கத்திபோல் தெளிவாக இருந்தால் அபெர்ச்சர் 16 (எண் ஏற ஏறத் துவாரம் சிறுக்கும்). ஓரம் கரைந்து தெரிந்தால் 11. நிழல் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கவைத்தால் 8. நிழலே இல்லையென்றால் 5.6. முன்பெல்லாம் ஃபிலிம் டப்பாவோடு சூரியன், மேகம் என்று படம் போட்டு இதையே அச்சடித்துக் கொடுப்பார்கள். வானம் திறந்திருக்கும் கட்டட நிழலும் 5.6 தான். கடற்கரைச் சாலையில் காலை வெயில் ஏறிய பிறகு ஒருவரைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தால், சுற்றிலும் கண் கூசினாலும் அவர் முகத்துக்கு 5.6 வையுங்கள். கடல் வெளுத்துப்போகும், போகட்டும். நமக்கு வேண்டியது ஆள்.

டூமாஸ் வீதிக்கு இன்னொரு நாள் போய், பாட்டியை நிழல் பக்கத்துச் சுவரில் நிற்க வைத்து, 400 ஏ.எஸ்.ஏ. ரோலில் ஷட்டர் 125, அபெர்ச்சர் 11 வைத்து எடுத்துப் பாருங்கள்.

செல்போனில் மீட்டர் ஆப் போட்டுக்கொண்டால் போதாதா? செலினியம் மீட்டர் ஒன்று மலிவாக வருகிறதே, வாங்கலாமா?
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

ஆப் தாராளமாகப் போதும். உள்ளங்கைப் பாடம் அதற்கும் பொருந்தும்.

செலினியம் மீட்டருக்குப் பேட்டரி வேண்டாம். வெஸ்டன் மாஸ்டர், செகோனிக் எல்-398 எல்லாம் அந்த வகை. ஆனால் செலினியம் தகடு வயதாக ஆக, ஈரம் பட்டுப் பட்டுச் சோர்ந்துபோகும். கையால் தகட்டை மூடினால் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். கூரிய நிழல் விழும் வெயிலில் நான் மேலே சொன்ன 125-க்கு 16 கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். வெயிலில் சரியாகச் சொல்லி, வீட்டுக்குள் முள் எழவே இல்லையென்றால் அது அதன் சுபாவம். வெயிலிலேயே குறைத்துச் சொன்னால் அலமாரி அழகுக்கு வைத்துக்கொள்ளலாம்.

லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் ஏதோ படர்ந்திருக்கிறது. கடலுக்குப் பக்கத்தில் வீடு. என்ன செய்வது?
— வாசகர், கடலூர் ஓ.டி.

ஃபங்கஸ். டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்தால் நன்றாகத் தெரியும். ஓரத்தில் கொஞ்சமாக இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் மூடியிருந்தால் வெயிலுக்கு எதிரே எடுக்கும் படமெல்லாம் புகைபிடித்து வரும். லென்ஸைப் பிரித்துத் துடைக்கலாம். ஆனால் நாளானால் கண்ணாடியின் பூச்சையே அரித்திருக்கும், அது திரும்பாது.

தோல் உறையில் போட்டு பீரோவில் வைப்பதை முதலில் நிறுத்துங்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப் புகாத சமையலறை டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் வறுத்து மறுபடி போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிக்கடி பாருங்கள். வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் படம் எடுத்தால் இன்னும் நல்லது.

கத்திரி வெயிலில் சில்வர் பீச் போகிறேன். 16 போதாது, 22 வைக்க வேண்டும் என்கிறார் நண்பர். என்னிடம் இருப்பது 400 ஏ.எஸ்.ஏ. ரோல்.
— வாசகர், தேவனாம்பட்டினம்

சூடு வேறு, வெளிச்சம் வேறு. மார்கழி நண்பகலில் வானம் தெளிவாக இருந்தாலும் கத்திரியிலும் முன்னால் நிற்கும் ஆளுக்கு அதே 16 தான். வெறும் மணலும் நுரையும் மட்டும் எடுப்பதாக இருந்தால் நண்பர் சொல்வது சரி, 22. உங்கள் சிக்கல் ரோலில் இருக்கிறது. 400-க்கு ஷட்டர் 500, அபெர்ச்சர் 16 வைக்க வேண்டும். பல கேமராக்களில் அதுதான் கடைசிப் படி, அதற்கு மேல் போக இடமில்லை. ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடினால் நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும், குறைந்தால்தான் கஷ்டம். இருந்தாலும் 100 அல்லது 200 ரோல் வாங்கிக்கொள்ளுங்கள், கை தாராளமாகப் புரளும்.

ஏப்ரல் கடைசியில் நம் ஊரில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. கண்குழியெல்லாம் கறுத்துவிடும், எந்த மீட்டரும் அதைக் காப்பாற்றாது. எட்டரை மணிக்குள் முடித்துவிடுங்கள், இல்லை நாலு மணிக்கு மேல் போங்கள். மிச்ச ரோலை ஸ்கூட்டர் டிக்கியில் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் கலர் ரோல் நிறம் மாறிவிடும். தண்ணீர் பாட்டிலோடு துணிப்பையில் போட்டுத் தோளிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ரோல் டப்பாவின் மூடி இறுகியிருக்கட்டும்.