சர்க்கரை உள்ளவர் வீட்டுக்குள் செருப்பு போட்டு நடப்பது தவறா?

தவறே இல்லை. கால் மரத்துப் போனவர் என்றால் போடாமல் நடப்பதுதான் ஆபத்து. மாமனாரை வீட்டுக்குள்ளும் செருப்பு போடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தும் பெரியவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள், என்ன செய்ய என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மருமகளாகத்தான் இருக்க வேண்டும். மருமகள் எடுத்துச் சொன்னால், "வந்தவ நம்ம வீட்டு வழக்கத்த மாத்தப் பாக்குறா" என்ற பேச்சுத்தான் முதலில் வரும். பெற்ற மகள் நான் சொன்னதற்கே எங்கள் வீட்டில் அவ்வளவு பேச்சு.

எங்களுக்கு மதுரை. அம்மாவுக்கு ரொம்ப காலமாகச் சர்க்கரை. மாத்திரையைத் தவறவிட மாட்டார், காப்பிக்குச் சீனி சேர்க்க மாட்டார். ஆனால் பாதத்தைப் பற்றி எந்த டாக்டரும் எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாள் காலையில் அடுப்படியிலிருந்து கூடம் வரை வெள்ளை டைல்ஸில் சிவப்பாகச் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது. "குங்குமத்த யாருடி இப்படிச் சிந்துனது?" என்று அம்மாவே துணியோடு குனிந்தார். துடைத்துவிட்டு நாலு எட்டு வைத்தால் மறுபடியும் சொட்டு. உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே, பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரின் ஒரு துண்டு ஏறியிருந்தது. சுருண்ட கம்பி, பாதி சதைக்குள், பாதி வெளியே. பிடித்து இழுத்தபோது அம்மாவின் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "வலிக்கலையாம்மா?" என்றேன். "எதுடி?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அந்தப் புண் ஆறவில்லை. சீழ் வைத்து, எலும்பைத் தொட்டு, கடைசியில் சுண்டுவிரலை எடுத்தார்கள். இவ்வளவும் தினம் பெருக்கித் துடைக்கிற எங்கள் அடுப்படியில் பட்ட காயத்தால். "வீடு சுத்தமாத்தான இருக்கு, செருப்பு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

பாதத்தைச் சோதித்துப் பார்த்ததே அதற்குப் பிறகுதான். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. அதைப் பாதத்தில் வைத்து, வளைகிற வரைக்கும் அழுத்துவார்கள். வளைவதற்கு 10 கிராம் அழுத்தம் வேண்டும். நாம் கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரியும்போதெல்லாம் சொல்ல வேண்டும். அம்மா கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆரம்பிங்க தம்பி" என்றார். அந்தத் தம்பி அதற்குள் வலது பாதத்தை முடித்து இடது பாதத்துக்கு வந்துவிட்டிருந்தார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

ரத்தத்தில் சர்க்கரை பல வருடம் கூடியே இருந்தால் காலுக்குப் போகிற நரம்புகள் கெட்டுவிடுகின்றன. வலி தெரியாது, சூடு தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சின்னக் கீறல்கூட ஆறாது. சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்புக்கான சர்வதேச வழிகாட்டுதலே இப்படிப்பட்டவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வெறும் சாக்ஸோடும் மெல்லிய அடி வைத்த செருப்போடும் நடக்கக் கூடாது என்கிறது. வீட்டுக்கு உள்ளேயும் சரி, வெளியேயும் சரி என்று சேர்த்தே சொல்கிறது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. அவர்களில் எத்தனை வீட்டில் இந்தச் சண்டை நடக்கிறதோ.

எங்கள் வீட்டில் சண்டை பெரியம்மாவோடு. "ஏன்டி, அடுப்படிக்குள்ள செருப்போடயா நிக்கிற? வீட்டுல லட்சுமி தங்குவாளா?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அம்மா அந்த நிமிஷமே கழற்றிவிட்டார். பெரியம்மா ஒன்றும் கெட்டவர் இல்லை. விரலை எடுத்தபோது ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்தவர் அவர்தான். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவரே இப்படிச் சொன்னாரே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"மேல்நாட்டுப் பழக்கத்தை உள்ளே கொண்டுவருகிறாள்" என்று யாராவது எழுத வருவீர்கள், தெரியும். தெருச் செருப்பை வீட்டுக்குள் போடு என்று நான் எங்கும் சொல்லவில்லை. எச்சிலையும் சாணியையும் மிதித்த செருப்பு வாசலோடு நிற்க வேண்டும், எங்கள் வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான். வீட்டுச் செருப்பு வேறு, அது வாசற்படியைத் தாண்டாது. அழுக்கானால் சோப்பு போட்டுக் கழுவிக் காயவைக்கிறோம். ஜப்பான்காரர்களைப் பாருங்கள். வெளிச்செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார்கள், உள்ளே நடக்க வேறு, கழிவறைக்கு வேறு, பாய் விரித்த அறை என்றால் அதையும் கழற்றிவிடுவார்கள். அவர்களுக்கு ஆசாரம் குறைவு என்று யார் சொல்ல முடியும்?

பூஜை அறைக்கும் வழி இருக்கிறது. வாசலில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். அம்மா அதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே விரித்திருக்கிற தடித்த விரிப்பில் நின்று விளக்கேற்றுவார். விரிப்பை முதலில் நான் கையால் தடவிப் பார்த்துவிடுவேன். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு விடிகாலையில் அழைத்துப் போகிறோம், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு. உச்சி வெயிலில் கல்தரை கொதிப்பது அந்தக் காலுக்குத் தெரியாது. கொப்புளம் கிளம்பிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் அந்தச் செருப்பைப் பற்றி. டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்கிற மெத்தென்ற ரப்பரில் செய்தது. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி, எடுத்ததும் மேலே வரும். "அது குஷ்டரோகிங்க போடுறதாச்சே" என்று ஒரு சொந்தக்காரர் அம்மா காதுபடவே சொன்னார். ஆமாம், அவர்களுக்காக வந்ததுதான். 1946-இல் வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் காயம் மேல் காயம் பட்டே அழிகின்றன என்று எடுத்துக் காட்டினார். காலைக் காப்பாற்றினால் விரல் தங்கும் என்று அவர்களுக்குச் செய்த செருப்பு இன்றைக்குச் சர்க்கரைக் காலையும் காப்பாற்றுகிறது. இதில் என்ன கேவலம்?

எனக்கு வருகிற கோபமெல்லாம் வேறு இடத்தில். வீட்டிலும் செருப்பு போடச் சொன்ன அதே கிளினிக்கின் வாசலில் "காலணிகளை வெளியே விடவும்" என்று பலகை. அங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சர்க்கரைக்காரர்கள்.

சரி, மாமனாருக்கு வாங்கும்போது சாயங்காலமாக அழைத்துப் போங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்து அளவே சரியான அளவு. பின்னால் வார் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செருப்பு கழன்று போனதே அவருக்குத் தெரியாது. விரலிடுக்கில் நுழைகிற வார் வேண்டாம், ஆணி அடித்ததும் வேண்டாம். முதலில் கொஞ்ச நேரம் மட்டும் போடச் சொல்லி, கழற்றியதும் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். மாட்டுவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் தடவிவிடுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது உங்கள் மாமியாரையும் கூட்டிப் போய், அந்த நைலான் இழைச் சோதனையை அவர் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.