வேறு கோளுக்கு அனுப்பும் ரோவரை எப்படித் தயார் செய்கிறார்கள்? கல்லூரியில் ஒரு ரோவர் செய்ய நினைக்கிறோம், எங்கிருந்து தொடங்கலாம்?

எந்த மோட்டார், எந்தக் கேமரா என்றுதான் நாங்களும் தொடங்கினோம். ராயபுரத்தில் என் மாமா லேத் பட்டறை வைத்திருக்கிறார். காசிமேட்டு விசைப்படகுகளின் ஷாஃப்ட், புரொப்பல்லர் வேலைதான் அங்கே அதிகம். கடைசி வருடப் புராஜெக்டுக்காக நானும் மூன்று நண்பர்களும் ஆறு சக்கர ரோவர் ஒன்றை அங்கே வைத்துச் செய்தோம். நாங்கள் வரைந்து வைத்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு மாமா கேட்டது இதுதான்: "இன்னா மாப்ள, இது எங்க ஓடப் போவுது? நடுவுல நின்னுட்டா யாரு போய்த் தொடுவாங்க?"

யாரும் தொட மாட்டார்கள். என்னைக் கேட்டால் ரோவர் தயாரிப்பு முழுக்க இந்த ஒரு பதிலில்தான் அடங்கியிருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேடு பக்கம் போயிருக்கிறீர்களா? படகுகளைக் கரையேற்றி, பலகையிடுக்கு அடைத்து, பெயின்ட் அடித்து, எஞ்சினைக் கழற்றிப் பிரித்துப் போட்டிருப்பார்கள். நடுக்கடலில் எது பழுதாகலாம் என்று யோசித்து யோசித்துக் கரையிலேயே அதைத் தேடும் வேலை அது. ரோவருக்கும் அதேதான். ஆனால் படகு பத்து நாள் தாமதமாகப் போனாலும் கடல் அங்கேயே இருக்கும். செவ்வாய்க் கோளுக்குக் கிளம்ப ஏற்ற வேளை சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். நாசாவின் கியூரியாசிட்டி ரோவர் 2009-இல் போயிருக்க வேண்டியது. அதன் மோட்டார்-கியர் தொகுதிகள் நேரத்துக்குச் சரியாக அமையாததுதான் முக்கியக் காரணம், 2011 நவம்பருக்குத் தள்ளிப்போனது. இரண்டு வருடம் போனாலும் பரவாயில்லை, சந்தேகத்தோடு அனுப்பக்கூடாது என்ற அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். 2012 ஆகஸ்டில் இறங்கிய அந்த வண்டி பத்து வருடத்துக்கும் மேல் ஓடியிருக்கிறது.

அடுத்தது மண். இதில்தான் நாங்கள் அதிகம் கற்றோம். கல்லூரி மைதானத்தில் எங்கள் வண்டி அருமையாக ஓடியது. எண்ணூர் கடற்கரை மணலில் திணறியது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தையொட்டி அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து காய்ந்த திட்டுகள் இருக்கின்றன. ஆற்றுக்கும் அதை நம்பிப் பிழைக்கும் மீனவர்களுக்கும் அது தீராத துன்பம். ஆனால் செவ்வாய்த் தூசியைப்போல அவ்வளவு நைசான பொடி வேறெங்கும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. மாஸ்க் கட்டிக்கொண்டு போனோம். மூன்று மீட்டர்கூட ஓடவில்லை, சக்கரங்கள் தாமே பள்ளம் தோண்டிக்கொண்டு அச்சுவரை இறங்கிவிட்டன. கியருக்குப் போட்டிருந்த கிரீஸ் சாம்பலை வாங்கிக் களிம்பாகியிருந்தது.

செவ்வாயில் நாசாவின் ஸ்பிரிட் ரோவருக்கு 2009-இல் நடந்தது இதுவே. மேலே கெட்டியாகத் தெரிந்த தரைக்கு அடியில் பொடி மணல். சிக்கியதை மீட்க, கலிபோர்னியாவில் இருக்கும் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் டயட்டம் மண் என்ற நைசான பொடியும் களிமண் பொடியும் கலந்து அதே மாதிரித் தரையை உருவாக்கி, இன்னொரு ரோவரை அதில் இறக்கிப் பல மாதம் ஒத்திகை பார்த்தார்கள். அப்படியும் ஸ்பிரிட் வெளியே வரவில்லை. 2010 மார்ச்சுக்குப் பிறகு அதனிடமிருந்து சிக்னலும் இல்லை.

நம் ஊர்க் கதையும் இதில் உண்டு. நிலவின் மேட்டுநில மண்ணைப் போன்றது இஸ்ரோவுக்கு வேண்டியிருந்தபோது, நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலையில் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறையை அரைத்துப் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். 2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கி நூறு மீட்டருக்குமேல் ஓடிய சந்திரயான்-3இன் 26 கிலோ ரோவர் பிரக்யானுக்கு முன்னால் அந்த ஒத்திகை மண் இருந்தது. செவ்வாய் இல்லை, நிலவுதான். ஆனால் கணக்கு ஒன்றே.

எடையையும் மறந்துவிடாதீர்கள். செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம். நாசாவின் 1025 கிலோ பெர்சிவரன்ஸ் ரோவர் அங்கே நம் ஊர் 390 கிலோ அளவுக்குத்தான் மண்ணை அழுத்தும். அதனால் ஜேபிஎல்லில் கம்ப்யூட்டர் முதலான பலதையும் எடுத்துவிட்டு, சக்கரமும் கால்களுமாக எடை குறைந்த வண்டி ஒன்றை வைத்துப் பாலைவன மணல்மேடுகளில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

மணலுக்கு மட்டும் தயாரானாலும் போதாது. கியூரியாசிட்டியின் அலுமினியச் சக்கரத் தோல் 0.75 மில்லிமீட்டர்தான். கூரான பாறைகள் அதைக் கிழித்துவிட்டன. பெர்சிவரன்ஸுக்குத் தோலைத் தடிமனாக்கி, தரையைப் பிடிக்கும் 24 வரிப்பற்கள் இருந்த இடத்தில் 48 வைத்தார்கள். நாங்களும் எண்ணூர் விரைவுச் சாலையோரம் கடலரிப்புக்குப் போட்டிருக்கும் கருங்கற்களில் ஏற்றிப் பார்த்தோம். பிவிசி குழாயில் செய்த சக்கரம் அன்றே விரிசல் விட்டது.

அதிர்வுச் சோதனை எங்களுக்குக் கேட்காமலே நடந்தது. மீன்பாடி வண்டியில் ரோவரை ஏற்றிக்கொண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குண்டும் குழியுமாகப் போய் இறக்கினால், இரண்டு கனெக்டர்கள் கழன்றிருந்தன. ராக்கெட்டின் குலுக்கல் இதைவிடப் பன்மடங்கு. அதனால்தான் உண்மையான ரோவரை மேடையில் வைத்துக் குலுக்கி, பிறகு காற்றை வெளியேற்றிய பெரிய அறைக்குள் வைத்துக் குளிரூட்டியும் பார்க்கிறார்கள். கிருமிக் கணக்கும் உண்டு. செவ்வாயில் இறங்கும் கலத்தில் மொத்தமே 3 லட்சம் ஸ்போர்களுக்குள்தான், அதாவது உறங்கும் நிலையில் இருக்கும் கிருமிகளுக்குள்தான், இருக்கலாம். ஆல்கஹாலால் துடைப்பார்கள், சூடு தாங்கும் பாகங்களைச் சுட வைப்பார்கள். நம்மூர் நுண்ணுயிரை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, உயிர் கிடைத்தது என்று சொல்லிவிடக் கூடாதே.

நீங்கள் தொடங்குவதானால் படம் வரையும் முன் ஓடப்போகும் தரையைப் போய்ப் பாருங்கள். அந்த மண் ஒரு மூட்டை பட்டறையில் இருக்கட்டும். சக்கரத்தின் வேகத்தைக் குறையுங்கள், நாங்கள் பாதியாக்கிய பிறகுதான் சாம்பலில் புதைவது குறைந்தது. கியருக்கு மாமா ஆயில் சீல் போட்டு அடைத்துக் கொடுத்தார்.

பிறகு "தொடாத நாள்" ஒன்று வையுங்கள். செவ்வாய்க்கு ஒரு கட்டளை போய்ச்சேர, தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும். ஜாய்ஸ்டிக் பிடித்து ஓட்டவே முடியாது. நாங்கள் ரோவரைச் சாயங்காலமே சாம்பல் திட்டில் வைத்துவிட்டு, இரவு முழுக்கத் தள்ளி உட்கார்ந்து காவல் காத்தோம். காலையில் அன்றைய கட்டளைகளை மொத்தமாக அனுப்பினோம். முதல் முறை பாதி வழியில் சாய்ந்தபோது நண்பன் ஓடிப்போய்த் தூக்கிவிட்டான். அன்றைய சோதனையை அங்கேயே தோல்வி என்று எழுதி மூடினோம். நான்காவது முறை, யார் கையும் படாமல், 40 மீட்டர் ஓடித் தானாக நின்றது. மாமா அன்றைக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தார்.