அப்பாவுக்கு அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது. பக்கவிளைவுகளை வீட்டில் எப்படிச் சமாளிப்பது?

முதல் வேலையாக, அப்பாவுக்கு ஏற்றப்போகும் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீமோ என்றாலே முடி கொட்டும், வாந்தி வரும் என்று ஆளாளுக்கு ஒரே கதையைச் சொல்வார்கள். எனக்கு வந்தது பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் கட்டம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஃபோல்ஃபாக்ஸ் கொடுத்தார்கள். ஆக்சாலிபிளாட்டின், ஃபைவ் எஃப்யூ (ஃபுளூரோயுராசில்) என்ற இரண்டு கீமோ மருந்துகள் சேர்ந்த சிகிச்சை அது. இதில் முடி பெரும்பாலும் மெலியும், அவ்வளவுதான். என் தலையைப் பார்த்துவிட்டு, "உனக்கு லேசான கீமோதான் போல" என்று பட்டர்வொர்த்திலிருந்து வந்த மாமா தீர்ப்பே சொல்லிவிட்டார். மார்பகப் புற்றுநோய்க்கு டாக்சோருபிசின் ஏற்றிக்கொண்ட அண்ணிக்கோ மொத்த முடியும் போனது, சிறுநீர் சிவப்பாகப் போனது. அது மருந்தின் நிறம் என்று மிஸ்ஸி (நர்ஸ்) முன்பே சொல்லியிருந்ததால் வீட்டில் யாரும் பதறவில்லை.

என்னைப் படுத்தியது குளிர். பினாங்கு வெயிலில் இப்படி ஒரு தண்டனை! ஆக்சாலிபிளாட்டின் ஏறிய பிறகு சில நாட்களுக்கு ஐஸ்பெட்டியில் கை வைத்தால் விரலில் கரண்ட் அடிக்கும். குளிர்ந்த தண்ணீரை ஒரு வாய் குடித்தால் தொண்டை இறுகி, மூச்சே போகாதது போல இருக்கும். உண்மையில் மூச்சுப்பாதை அடைக்காது. சூடாக ஏதாவது குடித்தால் சிறிது நேரத்தில் விட்டுவிடும். (ஆனால் ஊசி ஏறும்போதோ, ஏறிய கொஞ்ச நேரத்திலோ உடம்பில் தடிப்பு வந்து மூச்சு இழுத்தால் அது ஒவ்வாமை. உடனே சொல்ல வேண்டும்.) செண்டோல், ஐஸ் கச்சாங் எல்லாம் தள்ளிப்போயின. மாமக் கடையில் "தே ஓ பானாஸ்" (சூடான கட்டன் டீ) என்று அழுத்திச் சொல்லுவேன், ஐஸ் போட்டுக் கொண்டு வந்துவிடுவார்களோ என்ற பயத்தில். ஐஸ்பெட்டியைத் திறக்கக் கையுறை, ஏர்கோன் பேருந்துக்கு ஒரு சால்வை. சாப்பாட்டில் முதல் வாய் மெல்லும்போது தாடை சுரீரென்று இழுக்கும். இதுவும் அந்த மருந்தின் குணம்தான். பல் டாக்டரைத் தேடி ஓட வேண்டாம்.

ஃபைவ் எஃப்யூவை 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். பால்புட்டி மாதிரி ஒன்றை இடுப்புப் பையில் கட்டிக்கொண்டு வீட்டிலேயே நடமாடலாம். வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் இதன் உபயம். வெந்நீரை ஆறவைத்து, உப்பும் சமையல் சோடாவும் கரைத்து அடிக்கடி வாய் கொப்பளித்தேன். ரசத்தில் மிளகைக் குறைக்கச் சொன்னால் அம்மாக்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

வாந்தி மாத்திரையைக் குமட்டல் வரட்டும் என்று காத்திருக்காமல், சொன்ன நேரத்துக்குப் போட்டுவிட வேண்டும். அதில் ஒண்டான்செட்ரான் இருந்தால் மலச்சிக்கல் வரலாம். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் ராத்திரி தூக்கம் போய்விடும். அப்பா நள்ளிரவில் அலமாரியை ஒழுங்குபடுத்தினால் ஆச்சரியப்படாதீர்கள். அது நின்ற பிறகு ஆளே துவண்டுவிடுவார். விருந்தாளிகளை அந்த நாட்களில் வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் பயந்தது காய்ச்சலுக்குத்தான். ஊசி போட்ட 7 முதல் 14 நாட்களில் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறையும். வீட்டில் நல்ல தெர்மோமீட்டர் ஒன்று இருக்கட்டும். 38 டிகிரி தொட்டால், நடுராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். காய்ச்சலை அளந்து பார்க்காமலே பனடோல் (பாராசிட்டமால்) போட்டால் சூடு இறங்கி, உள்ளே கிருமி இருப்பது தெரியாமல் போகும். கவுண்டரில் நின்றவுடன் முதல் வார்த்தையே "சாயா பெசாகிட் கீமோ" (நான் கீமோ நோயாளி) என்று இருக்கட்டும். கோப்பிக் கடை அரைவேக்காட்டு முட்டை, கழுவாத ஊலாம் (பச்சையாகத் தின்னும் கீரை, காய்), நேரமாகிக் கிடந்த சாப்பாடு எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

விரல் மரத்துப்போவதைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். முதலில் குளிரில் மட்டும் வரும், பிறகு எப்போதும் தங்கிவிடலாம். சட்டை பட்டன் போட முடியவில்லை, செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் டாக்டரிடம் அப்படியே சொல்ல வேண்டும். நம் ஆட்கள், மருந்தைக் குறைத்துவிடுவார்களே என்று மறைப்பார்கள். குறைக்கத்தான் வேண்டும், ஏனென்றால் இந்த நரம்புப் பாதிப்பு, ஊசியெல்லாம் முடிந்த பிறகும் சில மாதம் கூடிக்கொண்டே போகலாம். 2018இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுக்குப் பிறகு, மூன்றாம் கட்டப் பெருங்குடல் புற்றுநோயாளிகளில் சிலருக்கு ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதமே கொடுக்கிறார்கள். அப்பாவுக்கு இது பொருந்துமா என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம் துரியான் பெலாண்டா (முள்சீத்தா) இலை. யாராவது ஒருவர் நிச்சயம் ஒரு கட்டு கொண்டு வருவார், கஷாயம் போடு என்பார். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். மருந்து ஏறும் நாட்களில் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே கூடுதல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்பாவின் மருந்துப் பெயரைக் கீழே எழுதுங்கள். எனக்குப் போட்டதாக இருந்தால், கையுறை எங்கே மலிவு என்பது வரை சொல்கிறேன்.