பெங்களூருவில் வீட்டுத் தோட்டத்துக்குக் குளிர்காலத்தில் என்னென்ன பறவைகள் வரும்? தானியம் வைத்தால் தங்குமா?

தானியம் வைத்தால் புறாதான் வரும். குளிர்காலத்தில் நம் மரங்களைத் தேடி வருபவை பெரும்பாலும் பூச்சி தின்பவை. அரிசியையோ கம்பையோ அவை திரும்பிக்கூடப் பார்க்காது.

அவற்றைக் கிளப்பிவிடுவதே பசிதான். இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் குளிர் இறங்கினால் பூச்சிகள் அற்றுப்போகும். இங்கே டிசம்பரிலும் புங்கமரத்தில் புழு கிடைக்கும். பகல் பொழுது குறைவதை உடம்பு உணர்ந்ததும் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றன. சின்னப் பறவைகளில் பல இரவில்தான் பறக்கும்.

நான் ஜீவன் பீமா நகரில் இருக்கிறேன். இங்கே முதலில் வருவது சாம்பல் வாலாட்டி, செப்டம்பரிலேயே. சம்ப் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) வழிந்து ஈரமான தரையில் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி ஓடியோடிப் பொறுக்கும். முதுகு சாம்பல், வாலடி பளிச்சென்ற மஞ்சள். வருடம் முழுக்க இங்கேயே இருக்கும் வெண்புருவ வாலாட்டிக்கு மஞ்சளே கிடையாது, வெறும் கறுப்பு வெள்ளைதான்.

எனக்கு உயிர், பச்சைக் கதிர்க்குருவி. பத்து கிராம்கூடத் தேறாத உடம்பு. கண்ணுக்கு மேல் வெளிறிய கோடு, இறக்கையில் மெல்லிய கீற்று. இலையின் அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்து, ஒரு கொத்து கொத்தி, நாம் தலையைத் திருப்புவதற்குள் அடுத்த கிளைக்குப் போய்விடும். கண்ணைவிடக் காதை நம்புங்கள்: 'ட்சி-லி', 'ட்சி-லி'. தனக்கென்று சில மரங்களைப் பிடித்துக்கொண்டு, அதே இனத்தில் இன்னொன்று உள்ளே வந்தால் விரட்டும். அதனால் ஒருமுறை குரல் பிடிபட்டால் ஏப்ரல் வரை அதே இடத்தில் கேட்கலாம். வேலியோரப் புதருக்குள்ளிருந்து 'டக்... டக்' என்று வந்தால் அது பிளித் நாணல் கதிர்க்குருவி.

அக்டோபர், நவம்பரில் பால்கனியையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக ஆறுமணிக்குருவி கண்ணாடியில் மோதி விழுந்து கிடக்கலாம். துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். பாவமாக இருக்கிறதே என்று வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தெளிந்ததும் மரங்கள் உள்ள இடத்தில் விட்டுவிடலாம். காயம் இருந்தாலோ எழும்பவில்லை என்றாலோ பறவை மீட்பு மையத்தில் சேர்த்துவிடுங்கள்.

தோட்டத்துக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். அடித்தால் அவை இவ்வளவு தூரம் வந்ததே வீண். உதிர்ந்த சருகை ஒரு மூலையிலாவது விட்டுவையுங்கள், ஆறுமணிக்குருவி அதைப் புரட்டித்தான் இரை தேடும். ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்துத் தினமும் மாற்றுங்கள். இரவில் மாடி விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

முதல் வாலாட்டியைப் பார்த்த தேதியையும் குறித்துவையுங்கள். வலசைப் பறவைகளின் வருகையைப் பொதுமக்களே பதிவு செய்யும் 'மைக்ரன்ட்வாட்ச்' திட்டம் 2007-இல் தொடங்கியது நம் பெங்களூருவில்தான். இப்போது அப்படிப்பட்ட பதிவுகளை 'ஈபேர்ட்' தளத்தில் சேர்க்கலாம், செயலியும் இலவசம்.